கப்பல் வேண்டாம், படகில் போவோம்



கொஞ்சம் நீளமான பதிவு. வகுப்பிலேயே மணி அடித்த பிறகும் விடாமல் பேசிக்கொண்டிருந்தவன் நான் என்பது உங்களுக்குத் தெரியும். வேலை இருப்பவர்கள் இரவு சாப்பிட்டுவிட்டுப் படியுங்கள்.

1992-ல் பத்தாம் வகுப்பு முடித்த செட், அடுத்த கோடையில் எல்லோரும் சேர்ந்து ஒரு பயணம் போகலாம் என்று வாட்ஸ்அப்பில் திட்டம் போட்டிருக்கிறார்கள். சென்னைத் துறைமுகத்தில் சொகுசுக் கப்பல் ஏறி, இலங்கையைத் தொட்டுவிட்டு ஐந்தாம் நாள் திரும்புவது. எனக்கும் என் மனைவிக்கும் டிக்கெட் அவர்கள் செலவு. "சார், நீங்க கையை வீசிட்டு வந்தா போதும்" என்று போன வாரம் மூன்று பேர் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனார்கள். மனது நிறைந்துவிட்டது. முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் ஒரு வாத்தியாரை ஞாபகம் வைத்துக்கொண்டு கூப்பிடுகிற பிள்ளைகளிடம் முடியாது என்று சொல்வது எளிதில்லை. ஆனாலும் அந்தக் கப்பலுக்கு நான் வரவில்லை. காரணத்தை அங்கேயே சொல்லியிருக்கலாம். காபி ஆறிக்கொண்டிருந்தது, சிரித்துவிட்டு விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன்.

முதலில் ஒன்று. கப்பலில் கால் வைக்காமல் குறை சொல்லும் ஆள் இல்லை நான். 2019-ல் மகள் சிங்கப்பூரிலிருந்து எங்களை அப்படி ஒரு கப்பலில் நான்கு இரவு அழைத்துப் போனாள். பினாங்கு, புக்கெட். பதினைந்து மாடி, லிப்ட், நீச்சல் குளம், நாடக அரங்கு. காலையிலிருந்து நடுராத்திரி வரை சாப்பாடு. என் மனைவிக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. நாற்பது வருஷம் அடுப்படியில் நின்றவர், ஐந்து நாள் கரண்டியைத் தொடாமல் கடலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. முட்டி தேய்ந்தவர்கள், சக்கர நாற்காலியில் இருப்பவர்கள், கைக்குழந்தைக்காரர்கள் ஆகியோருக்கு அதைவிட வசதியான பயணம் கிடையாது. அவர்கள் தாராளமாகப் போகட்டும்.

என் வருத்தம் பினாங்கில். எங்கள் பெரியப்பா 1950-களில் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்குக்குப் போனவர். அங்கே செட்டியார் கிட்டங்கி ஒன்றில் கணக்கு எழுதினார். ஊர்ப்பெரியவர்கள் கேட்டிருப்பீர்கள், அந்தக் காலத்தில் மலேயாவுக்கும் சிங்கப்பூருக்கும் போன நம் ஆட்கள் முக்கால்வாசிப் பேர் வாயில் இருந்த பெயர் ரஜூலா. 1926-ல் கட்டிய கப்பல், 1973 வரை ஓடியது. தளத்தில் பாய் விரித்துப் படுத்து, கட்டுச்சோறும் ஊறுகாயுமாகப் போனவர்கள் ஆயிரக்கணக்கில். அதற்குப் பிறகு எம்.வி. சிதம்பரம் ஓடியது. 1985-ல் அதில் தீப்பிடித்ததோடு அந்தக் கதை முடிந்தது.

பெரியப்பா இருந்த பினாங்கு ஸ்ட்ரீட்டைக் கண்ணால் பார்க்கவேண்டும் என்று எனக்குச் சின்ன வயதிலிருந்து ஆசை. கப்பல் கரையில் நின்றது அரை நாள். அதில் பஸ்ஸில் ஏற்றி, மலைமேல் இருக்கும் புத்தர் கோயிலுக்குக் கூட்டிப்போய், ஒரு சாக்லேட் கடையில் முக்கால் மணி நேரம் இறக்கிவிட்டார்கள். எனக்கென்று கிடைத்தது ஒரு மணி நேரம். மூச்சு வாங்க நடந்து மாரியம்மன் கோயிலுக்குப் போனால் மதிய நடை சாத்தியிருந்தது. சாயங்காலம் திறப்பார்கள். அதற்குள் கப்பல் கிளம்பிவிடும். கிட்டங்கி எந்தப் பக்கம் என்று ஒரு பூக்கடை அம்மாவிடம் கேட்டேன். "இருங்கய்யா, பக்கத்துக் கடை முதலாளி வந்ததும் கேட்டுச் சொல்றேன், அவருக்குத்தான் பழைய கதையெல்லாம் தெரியும்" என்றார். இருக்க முடியவில்லை. கையில் கட்டியிருந்த கப்பல் அட்டையைப் பார்த்துவிட்டு அந்த அம்மாவே, "ஓ, கப்பல்ல வந்தவங்களா, அப்ப போங்க போங்க" என்றார். அந்தப் 'போங்க போங்க' இன்னும் காதில் இருக்கிறது.

பெரியப்பா போனதும் பெரிய கப்பல்தானே என்று கேட்பீர்கள். ஆமாம். அளவு மட்டும் இங்கே பிரச்சினை இல்லை. அவருக்கு ரஜூலா ஒரு ரோடு, பினாங்குதான் ஊர். எனக்குக் கப்பலே ஊர், பினாங்கு இடைவேளை. முறுக்கு வாங்கப் போய்விட்டு மறுபடி நாற்காலிக்கு வருகிற மாதிரி.

இதை நாம் புரிந்துகொள்ள வெளிநாடு போகவேண்டாம். கொள்ளிடத்தைத் தாண்டினால் ஸ்ரீரங்கம். அதுவும் தீவுதான், ஆறாம் வகுப்பில் உங்களுக்கு 'ஆற்றிடைத் தீவு' என்று நான் சொல்லிக்கொடுத்தேன். வெளியூர் டூர் பஸ் வந்து நிற்கும். கொடி பிடித்தவர் முன்னால் நடப்பார். 236 அடி ராஜகோபுரத்தை அண்ணாந்து ஒரு போட்டோ, உள்ளே ஓட்டமாக ஒரு சுற்று, அடுத்து திருவானைக்காவல், அடுத்து மலைக்கோட்டை, மூன்று மணி நேரத்தில் 'திருச்சி முடிஞ்சது'. சித்திரை வீதியில் குடியிருக்கிற என் மைத்துனர் வாசல் திண்ணையில் உட்கார்ந்து இதை நாற்பது வருஷமாகப் பார்க்கிறார். அவரிடம் இதுவரை யாரும் ஒரு வார்த்தை பேசியதில்லையாம். குடிக்கத் தண்ணீர் கேட்பவர்கள்கூட இப்போது இல்லை, பாட்டிலோடு வருகிறார்கள்.

கப்பல் விஷயத்தில் இது இன்னும் பல மடங்கு. 2024 ஜனவரியில் அமெரிக்காவில் ஐகான் ஆஃப் தி சீஸ் என்று ஒரு கப்பல் விட்டார்கள். பயணிகள் மட்டும் 7,600 பேர் வரை ஏறலாம். ஊழியர்களையும் சேர்த்தால் பத்தாயிரத்தைத் தொடும். கிட்டத்தட்ட பாதி லால்குடியைத் தூக்கி ஒரு சின்னத் தீவின் கரையில் காலையில் இறக்கி, சாயங்காலம் எடுத்துக்கொண்டு போவதாக நினைத்துப் பாருங்கள். அவர்கள் சாப்பாட்டுக்குக் கப்பலிலேயே காசு கட்டிவிட்டவர்கள், தூங்குவதும் அங்கேயே. தீவுக்காரனுக்கு மிஞ்சுவது ஒரு தொப்பி, ஒரு இளநீர். அதுவும் பொறுக்காமல் கம்பெனிகள் இப்போது தங்களுக்கென்றே தீவுகளை வைத்திருக்கின்றன. பஹாமாஸில் இருக்கிறது. ஹெய்ட்டி நாட்டில் லபாடி என்கிற கடற்கரையை 1980-களிலிருந்து ஒரு கப்பல் கம்பெனி குத்தகைக்கு எடுத்து, சுற்றிலும் வேலி போட்டு வைத்திருக்கிறது. வேலிக்கு அந்தப் பக்கம் உலகத்தின் மிக ஏழை நாடுகளில் ஒன்று. இந்தப் பக்கம் சறுக்குமரம். வெனிஸ் நகரத்தில் 2021-ல் பெரிய கப்பல்களை ஊர் நடுக் கால்வாயில் வரக்கூடாது என்று இத்தாலி அரசு நிறுத்தியதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள்.

நம்முடைய கதைக்கு வருவோம். சென்னையிலிருந்து இந்தச் சொகுசுக் கப்பல் 2022 ஜூனில் முதல்வர் கொடியசைக்கத் தொடங்கியது. அதே மாதம் புதுச்சேரிக்கு வந்தபோது, கப்பலில் சூதாட்டம் என்று எதிர்ப்புக் கிளம்பி, அனுமதி கிடைக்காமல் திரும்பிப் போனது. 2023 ஜூனில் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று இலங்கைக்கும் போக ஆரம்பித்தது. சூதாட்டம் என் கவலை இல்லை. நீங்கள் ஐம்பதை நெருங்குகிறவர்கள், உங்கள் பர்ஸை நான் பிடுங்கி வைக்க முடியாது. என் கவலை, காங்கேசன்துறை உங்களுக்கு என் பினாங்கு ஆகிவிடும் என்பதுதான்.

அதே காங்கேசன்துறைக்கு நாகப்பட்டினத்திலிருந்து படகு ஓடுகிறது. 2023 அக்டோபர் 14 அன்று செரியபாணி என்ற கப்பலோடு தொடங்கினார்கள். சில நாளிலேயே நின்றுபோனது. 2024 ஆகஸ்டில் சிவகங்கை என்ற கப்பல் வந்தது. சுமார் 150 பேர் உட்காரலாம். நாலு மணி நேரம். பாக் நீரிணை, பாக் நீரிணை என்று சுவரில் ஆசியா மேப்பைத் தொங்கவிட்டுக் குச்சியால் தட்டித் தட்டி 34 வருஷம் சொல்லிக்கொடுத்தேனே தவிர, அதைக் கடந்தது கிடையாது. 2025 மார்ச்சில் போனேன். கூட ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் நண்பர் ஒருவர்.

உள்ளதைச் சொல்கிறேன். சுகமான பயணம் இல்லை. முதல்நாளே நாகப்பட்டினம் போய்த் தங்கவேண்டும். விடிகாலையில் பாஸ்போர்ட், சுங்கம் என்று நிற்கவேண்டும். நடுக்கடலில் நண்பர் மூன்று தடவை வாந்தி எடுத்தார். நான் எலுமிச்சம்பழத்தை மோந்துகொண்டே கண்ணை மூடிக் கிடந்தேன். வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் படகையே நிறுத்திவிடுவார்கள். காற்று அதிகம் என்றால் அன்றைக்கு ரத்து. இதெல்லாம் தெரிந்துதான் கிளம்பவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் மூன்று நாள். 1981-ல் எரிக்கப்பட்டுத் திரும்பக் கட்டிய பொது நூலகத்தில் ஒரு பகல் முழுக்க உட்கார்ந்திருந்தேன். அதைப் பற்றி எழுத ஆரம்பித்தால் இந்தப் பதிவு முடியாது. பிறகு பண்ணைப் பாலம் தாண்டி, வேலணை, புங்குடுதீவு வழியாகப் பஸ்ஸில் குறிகட்டுவான் துறை. அங்கிருந்து படகில் ஒரு மணி நேரம், நெடுந்தீவு.

நெடுந்தீவு என்றதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? 'நெடுந்தீவு அருகே மீனவர்கள் கைது'. எனக்கும் அதுவரை அவ்வளவுதான். தினத்தாளில் வருகிற ஒரு வரி. அங்கே இறங்கினால் பனைமரம், பவளப்பாறைக் கல்லைச் சாந்து இல்லாமல் அடுக்கிய வேலிகள், ஒல்லாந்தர் காலத்து இடிபாடுகள், யாருக்கும் சொந்தமில்லாமல் மேய்கிற மட்டக்குதிரைகள். நம் பக்கத்தில் ஆனைப்புளி என்பார்களே, அந்த மரம் ஒன்று பிரம்மாண்டமாக நிற்கிறது, அங்கே பெருக்குமரம் என்கிறார்கள். வெயிலோ நம் ஊர் சித்திரையைத் தோற்கடிக்கும்.

அங்கே ஒரு குடும்பத்தார் வீட்டில் இரண்டு இரவு வாடகைக்குத் தங்கினோம். வந்ததும் அந்த வீட்டு அம்மா சொன்ன முதல் வார்த்தை: "வாங்கோ சேர், இருங்கோ. தண்ணியை மட்டும் கவனமாப் பாவியுங்கோ." நல்ல தண்ணீருக்கு அங்கே கஷ்டம். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் பக்கத்தில் பிறந்த எனக்கு, ஒரு வாளியில் குளித்து முடிக்க இந்த வயதில் புதிதாகப் பழகவேண்டியிருந்தது. மறுநாள் சாப்பிடும்போது, பெரிய மனுஷத்தனமாக, "உங்கள் தமிழ் எவ்வளவு சுத்தமாக இருக்கிறது" என்று பாராட்டிவைத்தேன். வீட்டுக்காரர் சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல், "தமிழ் நல்லாத்தான் இருக்குது சேர், தண்ணிதான் இல்லை" என்றார். வாயை மூடிக்கொண்டேன்.

அவர் கடற்றொழில் செய்கிறவர். ராத்திரி திண்ணையில் உட்கார்ந்து பேசும்போதுதான் கேட்டார்: "உங்கட ஆக்கள் ஏன் சேர் இழுவை மடியைக் கொண்டு இஞ்சால வாறவை?" அவர் வலை இரண்டு தடவை அறுந்து போயிருக்கிறது. ஒரு வலை போனால் எத்தனை மாதக் கடன் என்று கணக்குச் சொன்னார். இலங்கையில் 2017-லேயே இழுவை மடிக்குத் தடைச் சட்டம் வந்துவிட்டது. நம் கரையில் மீனவர் கைதானால் நமக்கு ரத்தம் கொதிக்கிறது. கொதிக்கவேண்டியதுதான். படகைப் பறிகொடுத்துச் சிறையில் கிடப்பவனும் கூலிக்குப் போன ஏழைதான். ஆனால் அந்த வரிக்கு மறுபக்கம் ஒரு ஆள் இருக்கிறான், அவனும் தமிழ் பேசுகிறான், அவனும் கடன்காரன் என்பதை நான் 68 வயதில் ஒரு திண்ணையில்தான் தெரிந்துகொண்டேன். அவருக்குச் சொல்ல என்னிடம் பதில் இல்லை. அவரும் பதிலை எதிர்பார்க்கவில்லை. ஒடியல் கூழ் இன்னொரு கிண்ணம் ஊற்றினார்.

நாங்கள் போன அதே கடல் வழியில் 1985 மே 15 அன்று குமுதினி என்ற படகில் பயணிகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். பெண்கள், குழந்தைகள் உட்பட. அந்த அம்மா அதைச் சொன்னது நாங்கள் கேட்டு அல்ல. இரண்டாம் நாள் பாத்திரம் கழுவிக்கொண்டே, வேறு ஏதோ பேச்சில், தானாக வந்தது. இதுவே நாங்கள் காலையில் வந்து மாலையில் போகிறவர்களாக இருந்தால் வந்திருக்காது. வரவேண்டிய கடமையும் அவருக்கு இல்லை. அங்கே போய், "சண்டை எப்படி இருந்தது, சொல்லுங்க" என்று போனை நீட்டுகிற நம் ஆட்களையும் யாழ்ப்பாணத்தில் பார்த்தேன். அது கப்பல் பயணத்தைவிட மோசம். 'அசல் அனுபவம்' என்று இப்போது எல்லோரும் பேசுகிறார்கள். அங்கே இருப்பவர்கள் நமக்கு அசலாக இருப்பதற்காக அங்கே இல்லை. நாலு நாள் இருந்து, அவர்கள் கடையில் சாப்பிட்டு, அவர்கள் பஸ்ஸில் போய், வாடகையை அவர்கள் கையில் கொடுத்துவிட்டு வந்தால் போதும்.

இனி சொல்லப்போவதற்குத்தான் இவ்வளவு நேரம் சுற்றினேன்.

உங்கள் குரூப்பில் கப்பல் திட்டம் வந்த அன்று எல்லோரும் கைதட்டும் படம் போட்டீர்கள். ஒருவன் மட்டும், "நான் ஒரு தடவை கப்பல்ல வந்தாச்சு. நீங்க போயிட்டு வாங்க" என்று எழுதினான். அதற்கும் சிரிப்புப் படம் போட்டீர்கள். அதற்குப் பிறகு அவன் எதுவும் எழுதவில்லை. அவனிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன், பெயர் வேண்டாம் என்றான். உங்களுக்குத் தெரியும்.

அவன் பாட்டனார் நம் மாவட்டத்திலிருந்து தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். 1964 அக்டோபரில் சாஸ்திரியும் சிறிமாவோவும் கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு என்று எழுதினார்கள். பத்தாம் வகுப்பில் இரண்டு மார்க் கேள்வியாக அதைக் கேட்டிருக்கிறேன். அந்த எண்ணிக்கையில் ஒருவனாக அவன், ஆறு வயதில், அட்டன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து தலைமன்னாருக்கு வந்து, அங்கே ராமானுஜம் கப்பலில் ஏறி ராமேஸ்வரத்தில் இறங்கினான். மண்டபம் முகாம், அப்புறம் லால்குடி. அவன் அம்மா வழியெல்லாம் அழுததும், அப்பா ஒரு தகரப்பெட்டியை மடியிலிருந்து இறக்காமலே வந்ததும்தான் அவனுக்குத் தெரிந்த கப்பல்.

நாம் அவனை 'சிலோன்' என்று கூப்பிட்டோம். நீங்கள் மட்டும் இல்லை. நானும்தான். "டேய் சிலோன், அந்த மேப்பை எடுத்து மாட்டு" என்பேன். அவனும் சிரித்துக்கொண்டே போய் மாட்டுவான். அந்த மேப்பில் இருக்கும் கடலை அந்த வகுப்பில் கடந்திருந்தவன் அவன் ஒருவன்தான், என்னையும் சேர்த்து. ஒரு நாள்கூட, "நீ சொல்லுடா, அந்தக் கடல் எப்படி இருந்தது" என்று நான் கேட்கவில்லை. நல்லாசிரியர் என்று மேடையில் சால்வை போட்டபோதெல்லாம் எனக்கு இது உறுத்தியதில்லை. நெடுந்தீவில் அந்தத் திண்ணையில் உறுத்தியது. ஊருக்கு வந்ததும் போன் போட்டு அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் விடுங்க சார்" என்றான். கொஞ்ச நேரம் கழித்து, "நாகப்பட்டினத்திலேருந்து போனா, அட்டன் பக்கம் போக முடியுமா சார்?" என்று கேட்டான்.

முடியும். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு நாள் பயணம்.

அதனால் என் யோசனை இது. கப்பலுக்கு ஒதுக்கிய பணத்தில் படகில் போவோம். இருபது பேர் போதும். யாழ்ப்பாணம் இரண்டு நாள், நெடுந்தீவு அல்லது நயினாதீவு இரண்டு நாள், பிறகு மலையகம். முட்டி வலி, படகு ஒத்துக்கொள்ளாது என்பவர்கள் திருச்சியிலிருந்தே யாழ்ப்பாணத்துக்கு விமானம் இருக்கிறது, 2025 மார்ச் கடைசியில் விட்டார்கள். என் மனைவியும் அதில்தான் வருவேன் என்று இப்போதே சொல்லிவிட்டார். நெடுந்தீவில் இருபது பேரும் ஒரே நேரத்தில் போய் இறங்கக்கூடாது, இரண்டு அணியாகப் பிரிந்து போகவேண்டும். தண்ணீர் விஷயம் சொன்னேனே.

கப்பல்தான் வேண்டும் என்பவர்கள் போய்விட்டு வாருங்கள், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. கடலில் நாள் கணக்கில் மிதக்கவேண்டும் என்று ஆசை இருந்தால் சென்னையிலிருந்து அந்தமானுக்கு அரசுக் கப்பல் இருக்கிறது. மூன்று நாள் ஆகும், வேலைக்கும் வீட்டுக்கும் போகிறவர்களோடு சேர்ந்து போகலாம்.

பாஸ்போர்ட் இல்லாதவர்கள் எத்தனை பேர் என்று தெரியவேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு வீட்டுக்கு வாருங்கள், பேசி முடிவு செய்வோம். அவனும் வருகிறேன் என்றிருக்கிறான். அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடவும். போண்டா உண்டு.